இரண்டாவது நகல்

தொடாதீங்க என்று நிலோஃபர் சொல்லிவிட்டாள். அதனால் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், சும்மா விட்டால் அவை தானாகப் போய் எதையாவது அழுத்திவிடும், என் கைகள்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. திரையில் முப்பத்தேழு என்று நிற்கிறது. பதினோரு மணிக்கு முப்பத்தேழு, பதினொன்று இருபதுக்கும் முப்பத்தேழு. டேட்டாபேஸ் தன்னைத்தானே சரிசெய்துகொண்டு எழுந்திருக்கப் பார்க்கிறதாம், நூறு வந்தால் எழுந்துவிடும், நடுவில் நிறுத்தினால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், ஆகவே அணைக்கக் கூடாது, ரீஸ்டார்ட் பண்ணக் கூடாது, பன்னிரண்டரைக்கு அவளுடைய மீட்டிங் முடிந்ததும் கூப்பிடுவாள். எத்தனை தடவை ரீஸ்டார்ட் பண்ணினேன் என்று கேட்டாள். ஒரு தடவை என்றேன். மூன்று தடவை. போலீஸ்காரன் கேட்டால் பொய் சொல்வது ஐம்பது வருடப் பழக்கம், ஆனால் கேட்டது போலீஸ்காரன் இல்லை, சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று கால் வெந்துபோன சபூராவின் மகள், சென்னையில் ஏதோ கம்பெனியில் முப்பது சர்வர்களைப் பார்த்துக்கொள்பவள், ராணிப்பேட்டை தோல் பதனிடும் தொழிலாளர் சங்கத்துக்கு ஒரு பழைய கம்ப்யூட்டரைச் சர்வராக்கிச் சும்மா கொடுத்தவள். அவளிடம் ஏன் பொய். முப்பத்தேழு. கம்ப்யூட்டருக்குள்ளே டக் என்கிறது. பிறகு ஒன்றுமில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன். டக், டக். வீட்டுக்குள் யாரோ இருக்கிறார்களா என்று கதவை ஒற்றை விரலால் தட்டிப் பார்க்கிற மாதிரி. அப்படித் தட்டுகிறவர்களை எனக்குத் தெரியும், நல்லவர்கள் அப்படித் தட்டுவதில்லை.

உள்ளே இருப்பது முந்நூற்றுத் தொண்ணூற்றாறு பேர். உள்ளே இருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, நிலோஃபர் டேபிள், ரோ என்பாள், எனக்கு ஆட்கள்தான். டேனரியில் இவர்களுக்குக் கார்டு கிடையாது, வருகைப் பதிவேட்டில் பெயர் கிடையாது, காண்டிராக்டர் நோட்டில் எத்தனை தலை என்று மட்டும் இருக்கும். இரண்டு வருடத்தில் நானூற்றெண்பது நாள் வேலை செய்தவன் நிரந்தரத் தொழிலாளி என்று சட்டம் இருக்கிறது, செய்தேன் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று முதலாளியின் வக்கீல் கேட்கிறான். அதற்குத்தான் மிஸ்டு கால். யோசனை என்னுடையது, யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், படித்த வக்கீல்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் எட்டாம் வகுப்போடு நின்ற நான் சொன்னது. கேட்டுக்குள் நுழையுமுன் ஒவ்வொருவரும் சங்கத்து நம்பருக்கு ஒரு மணி அடித்துவிட்டு வைத்துவிட வேண்டும். காசு இல்லை, பேச்சு இல்லை. சிம் போட்ட சின்னப் பெட்டி அதை வாங்கிச் சர்வருக்குத் தரும், சர்வர் எண், தேதி, நேரம் மூன்றையும் பதிந்துகொள்ளும். ஐந்து வருடம். காலை ஆறு மணி ஷிஃப்ட், மத்தியானம் இரண்டு மணி ஷிஃப்ட். மழையிலும் அடித்தார்கள், பிள்ளை பெறப் போகிற வாரம் வரை அடித்தார்கள், தோல் உருட்டும் டிரம்மில் கை போன வில்வநாதன் இடது கையால் அடித்தான். நாளை மறுநாள் வேலூரில் விசாரணை. இன்றைக்குள் எல்லாவற்றையும் அச்செடுத்து வக்கீலிடம் தர வேண்டும். விடிவதற்கு முன்பே நான் அச்செடுக்க உட்கார்ந்தேன், அப்போதுதான் அது நின்றது. இன்று காலை ஷிஃப்ட் அடித்த மணி எதுவும் எங்கும் விழவில்லை. அஞ்சலைக்கு நானூற்றெழுபத்தொன்பது ஆகியிருந்தது நேற்றோடு. டக்.

பதினொன்றரை. முப்பத்தேழு. பயப்படுகிறேனா. இரண்டு முறை வேலூர் ஜெயிலில் இருந்தவன், லாரி ஏற்றிக் கொல்ல வந்தபோது வாய்க்காலில் குதித்தவன், ஒரு தகரப் பெட்டியைப் பார்த்துப் பயப்படுவதாவது. நிலோஃபர் தமிழில் நாலு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தாள், சர்வரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று. அதை நான் ஓரம் தைத்து, சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன், நான் எதையும் அப்படித்தான் படித்தது, முழுப் புத்தகம் கையில் கிடைத்த காலம் குறைவு, துண்டுப் பிரசுரங்களில் கற்றவன் நான், நாலு பக்கத்தில் உலகத்தைச் சொல்லத் தெரியாதவனுக்கு நானூறு பக்கத்திலும் தெரியாது. வாரம் ஒரு தடவை லாக் படிக்கவும் என்று எழுதியிருக்கிறாள், அதாவது தன் உடம்புக்கு என்ன என்று சர்வர் தானே எழுதி வைக்கிற குறிப்பு. படித்தேன். பதினொரு நாளாக ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது, டிஸ்க்கில் ஓர் இடத்தைப் படிக்க முடியவில்லை, மறுபடி முயல்கிறேன், படித்துவிட்டேன். படித்துவிட்டேன் என்று அதுவே சொல்லும்போது நான் எதற்கு ஒரு பெண்ணைத் தொந்தரவு செய்ய வேண்டும். அப்படி நினைத்தேனா, அல்லது எனக்குத் தெரியாது என்று அவளுக்குத் தெரிந்துவிடும் என்றா. மூன்றாம் பக்கத்தைத் திருப்பாமலே வைத்திருக்கிறேன். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மூன்றாம் பக்கத்தில், தினமும் ஒரு நகல் வேறோர் இடத்துக்குப் போக வேண்டும், ஒரே இடத்தில் இருக்கும் தகவலை இல்லாத தகவலாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தாள். அந்தப் பத்தி முழுவதையும் பென்சிலால் அடித்துவிட்டு ஓரத்தில் தவறான நிலைப்பாடு என்று எழுதியது நான். அவளுடைய கம்ப்யூட்டருக்குத் தினமும் போய்க்கொண்டிருந்த நகலை நிறுத்தச் சொன்னேன். இருந்ததையும் அழிக்கச் சொன்னேன். பட்டியல் இரண்டு இடத்தில் இருந்தால் ஓர் இடம் போலீஸ் ஸ்டேஷன் என்றேன், செயற்குழுவில் எல்லோரும் தலையாட்டினார்கள், எண்பத்தொன்றில் பட்டதைப் பற்றி என் வாயால் கேட்டவர்கள் அவர்கள். நிலோஃபர் மட்டும், தோழர், போலீஸ் வர்றதுக்கு முன்னாடி டிஸ்க்கு போவும் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும். டக், டக், டக்.

அவள் அழிக்காமல் இருந்திருக்கலாம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் சொன்னதையெல்லாமா செய்கிறார்கள். கிழவன் என்னவோ உளறுகிறான் என்று தலையாட்டிவிட்டு எங்காவது ஒரு மூலையில் வைத்திருக்கலாம். வைத்திருக்க வேண்டும். கட்டுப்பாடு, கட்டுப்பாடு என்று நாற்பது வருடம் மேடையில் கத்தியவன் ஒரு பெண் கட்டுப்பாட்டை மீறியிருக்க வேண்டும் என்று உட்கார்ந்து வேண்டிக்கொள்கிறேன், சாமி இல்லாதவன், யாரிடம் வேண்டுகிறேன், இந்த முப்பத்தேழிடமா. காலையில் பேசியபோது கேட்டிருக்கலாம். நாக்கில் வந்தது. கேட்டால் அடித்த பத்தியை நானே எடுத்து அவள் கையில் கொடுத்ததாகிவிடும். அதனால் கேட்கவில்லை. முந்நூற்றுத் தொண்ணூற்றாறு பேரைவிட உனக்கு உன் சிவப்புப் பென்சில் பெரிது. இல்லை. எண்பத்தொன்றில் இருபத்திரண்டு பேர். அந்தப் பெயர்களை இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன், தூக்கம் வராதபோது அதுதான் எனக்கு, குப்பன், தாவூத் பாய், அந்தோணி, பெரிய ஜெயராமன், காதர், மரியசூசை, சின்ன ஜெயராமன், முனுசாமி, பிறகு ஒன்பதாவது. ஒன்பதாவதில் நிற்கிறேன். குப்பன், தாவூத் பாய், அந்தோணி. முதலிலிருந்து. முனுசாமி வரை வருகிறது, அதற்கு மேல் முப்பத்தேழு மாதிரி நின்றுவிடுகிறது. ரகசியமாகச் சேர்ந்த இருபத்திரண்டு பேர், யாருக்கும் தெரியாது, பட்டியல் எங்களைச் சேர்த்த தணிகாசலத்திடம் மட்டும். அவர் சொல்லச் சொல்ல எழுதியது நான். ஒரு ராத்திரி போலீஸ் வந்தது, மறுநாள் டேனரி கேட்டில் மேஸ்திரி ஒரு தாளை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு பெயரையும் வாசித்தான், நான் எழுதிய அதே வரிசையில். விசாரணைக் குழுவில் இருந்தவன் நான். துரோகி யார் என்று பெயர் போட்டு நோட்டீஸ் அடித்தோம். பட்டியலை எழுதியது யார் என்று அதில் போடவில்லை. தாகமாக இருக்கிறது. பானை அந்த மூலையில். எழுந்தால் எண் மாறிவிடும், மாறுவதை நான் பார்க்காமல் விட்டுவிடுவேன், அல்லது எழுந்தால் மாறாது. உட்காருகிறேன்.

பன்னிரண்டரைக்கு ஒரு நிமிடம் இருக்கும்போதே கூப்பிட்டாள். ஏறியிருக்கா என்றாள், இல்லை என்றேன், அந்தச் சத்தம் இன்னா என்றாள். போனைக் கம்ப்யூட்டர் அருகே பிடித்தேன். நாலைந்து டக் வரை கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். டிஸ்க்கு சாகிறது. சரிசெய்கிற வேலையே அதைச் சீக்கிரம் சாகடிக்கும், ஒவ்வொரு ரீஸ்டார்ட்டும் அதே கெட்ட இடத்தை மறுபடி சுரண்டும். இனி முதல் வேலை வைத்தியம் இல்லை, நகல். டேட்டாபேஸை நிறுத்திவிட்டு, அந்த ஃபோல்டர் முழுவதையும் வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிட வேண்டும், சரியாகிறதா இல்லையா என்பதை நகலில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், மூலத்தைத் தொடக் கூடாது. வேறு டிஸ்க் இருக்கிறதா என்று கேட்டாள். அப்போதுதான் நான் கேட்டேன், கேட்டது என் குரல் மாதிரியே இல்லை, அந்தப் பழைய காப்பி, ஒன்கிட்ட எதனா ஒண்ணு.

"நீங்க அழிக்கச் சொன்னீங்களே தோழர். அன்னிக்கே அழிச்சிட்டேன்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. அப்போது அவளிடம், ரீஸ்டார்ட் மூணு தடவை பண்ணினேம்மா என்றேன். சரி தோழர், டிஸ்க்கு என்றாள். கீழே செங்கதிரின் ஜெராக்ஸ் கடையில் இருக்கும். இந்தக் கட்டடத்துக்குக் கீழே ஆறு வருடமாகக் கடை வைத்திருக்கிறான், ஆறு வருடமாக என்னைப் பார்த்தால் சார் என்கிறான், ஊரே தோழர் என்கிறது, அவன் சார் என்கிறான். தணிகாசலத்தின் மகன். பதிமூன்று படி. ஒவ்வொரு படியிலும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறேன், குப்பன், தாவூத் பாய், அந்தோணி, பெரிய ஜெயராமன், காதர், மரியசூசை, சின்ன ஜெயராமன், முனுசாமி, ஒன்பதாவது படியில் கால் நின்றுவிட்டது. ஒன்பதாவது தணிகாசலம். அவர் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. கேட்டில் அவர் பெயரையும்தான் வாசித்தார்கள், அவருக்கும்தான் வேலை போனது. காட்டிக்கொடுத்தவன் தன் பெயரையுமா கொடுப்பான் என்று தாவூத் பாய் கேட்டார், அது கண்துடைப்பு என்று நோட்டீஸில் நான் பதில் எழுதினேன், நல்ல வரி என்று அன்றைக்கு நினைத்தேன். நான்கு படி பாக்கி. மேலே டக் என்றது, இங்கே கேட்க முடியாது, ஆனால் கேட்டது.

செங்கதிர் ஏதோ கல்யாணப் பத்திரிகைக்கு அச்சுத் திருத்தம் பார்த்துக்கொண்டிருந்தான். சொன்னேன். அவன் நிமிரவில்லை. எவ்வளவு பெரிசு என்றான், தெரியாது என்றேன், மேசை டிராயரைத் திறந்து சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்பு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு கடையைப் பாதி சாத்திவிட்டு என் பின்னால் வந்தான். என் முதுகில் அவன் மூச்சுப் படுகிற தூரத்தில் படியேறினேன். நிலோஃபர் போனில் சொல்லச் சொல்ல அவன் தட்டினான், முப்பத்தேழு மறைந்தது, இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்த கயிற்றை விட்ட மாதிரி இருந்தது. ஃபைல்கள் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கின. சின்னவை போயின. பெரியதில் நின்றது, அதுதான் ஐந்து வருடத்து மணி அத்தனையும். நான்கில் ஒரு பங்கு போனது. டக், டக். நின்றது. போனது. செங்கதிர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு திரையைப் பார்த்தபடியே பேசினான்.

"எங்க வூட்டு ஆளு கையில லிஸ்ட்டு குடுக்கறீங்களே சார். நைட்டு தூக்கம் வருமா?"

சிரித்த மாதிரிதான் சொன்னான். ஆறு வருடமாக அதை மடித்து வைத்திருந்திருக்க வேண்டும், ஓர் எழுத்துகூடக் கலையவில்லை. பாதி வந்திருந்தது. இப்போது அவன் அந்த ஒயரை உருவிக்கொண்டு போனால் அவனை யார் கேட்க முடியும். பயம் என்றால் இதுவா, அவன் போய்விடுவான் என்பதா, போகாமல் உட்கார்ந்திருப்பான் என்பதா. தணிகாசலம் சொல்லச் சொல்ல எழுதினேன் என்றேனே, அடியில் கார்பன் தாள் வைத்து எழுதினேன். அவருக்குத் தெரியாமல். எனக்கும் ஒன்று இருக்கட்டும், நான் மட்டும் என்ன குறைந்தவன், இருபத்துநாலு வயது, பட்டியல் யாரிடம் இருக்கிறதோ அவன்தான் சங்கம் என்று நினைத்த வயது. தலையணை உறைக்குள் வைத்தேன். போலீஸ் வந்த ராத்திரி நான் அறையில் இல்லை. திரும்பி வந்தபோது தலையணை கிழிந்து பஞ்சு தரையெல்லாம் கிடந்தது, அந்தப் பஞ்சை நான் முதலில் பொறுக்கினேன், யாரிடமும் ஓடவில்லை, பொறுக்கினேன், கடைசிப் பஞ்சுவரை பொறுக்கி உறைக்குள் அடைத்துத் தைத்தேன். இன்றைக்கும் எங்கள் வீட்டில் தலையணை கிடையாது, கேட்டால் கழுத்து வலி என்பேன். போனில் நிலோஃபர் இருக்கிறாள், கேட்டுக்கொண்டிருக்கிறாள், கேட்கட்டும்.

"அன்னிக்குப் போலீசுக்குப் போனது ஒங்கப்பாகிட்ட இருந்த லிஸ்ட்டு இல்ல, செங்கதிரு. என்னோடது. கார்பன்ல எடுத்து ஒளிச்சு வச்சிருந்தேன்."

நான்கில் மூன்று பங்கு. அவன் திரும்பவில்லை. கீழே ரோட்டில் தோல் ஏற்றிய லாரி ஒன்று போனது, வாடை படியேறி வந்தது. அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் எப்படி விழ வேண்டும், கம்ப்யூட்டர் பக்கம் விழக் கூடாது, ஒயரில் கால் படக் கூடாது. அதுகூட ஒரு யோசனைதான், நாற்பத்து நாலு வருடம் கழித்து ஒருவன் உண்மையைச் சொல்லிவிட்டு ஒயரைப் பற்றி யோசிக்கிறான். அந்த நோட்டீஸையும் நான்தான் எழுதினேன் என்றேன். அது தெரியும் சார் என்றான். நன்கறியும், நன்கறியும் என்று நாலு இடத்தில் வருகிறதே, தொழிலாளி வர்க்கம் நன்கறியும் என்று இந்த ஊரில் வேறு எவன் எழுதுவான், அப்பா அதை மனப்பாடமாகச் சொல்வார், சாப்பிடும்போது சொல்வார், சாகிற வாரம் நினைவு தப்பிப் போய் பெற்ற பிள்ளை என் பெயரே மறந்துவிட்டது, அது மறக்கவில்லை. இதைச் சத்தமில்லாமல், பத்திரிகையில் பிழை படித்துக் காட்டுகிற மாதிரி சொன்னான். டிஸ்க் நீளமாக ஒரு தடவை கீறியது. நிலோஃபர், தோழர், அது முடிஞ்சிடுச்சா பாருங்க என்றாள். பெரிய ஃபைல் கடைசி வரைக்கும் வந்திருந்தது. ஒரே ஒரு சின்ன ஃபைல் வரவில்லை, அது இல்லாமல் திறக்கப் பார்ப்பாளாம், திறக்கும் என்று அவள் சொல்லவில்லை. சாயங்காலம் தெரியும்.

செங்கதிர் டிஸ்க்கை உருவிக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தான். சூடாக இருக்கிறது என்றான். இதிலிருந்து அந்தப் பொண்ணுக்கு ஒரு நகல் அனுப்பிவிட்டு இதைத் தன்னிடமே வைத்துக்கொள்வானாம், நான் கேட்டாலும் திருப்பித் தரமாட்டானாம். சரி என்றேன். வாசலில் நின்றான். என்னைப் பார்க்காமல், தேய்ந்துபோன முதல் படியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இப்ப சொன்னத எழுதிக் குடுங்க. நோட்டீஸா நானே அடிக்கறேன். ரெண்டு ஷிஃப்ட்டுக்கும் கேட்டுல நின்னு நீங்கதான் குடுக்கணும்."

அதற்கும் சரி என்றேனா, தலையை ஆட்டினேனா, தெரியவில்லை. வேலூர் விசாரணைக்கு முன்னா, பின்னா, கேட்கவில்லை. கேட்டில் நான் நிற்பேன், என் கையில் தாள், தாவூத் பாயின் பேரன் வந்து வாங்குவான், படிப்பான், நிமிர்ந்து பார்ப்பான். மணி ஒன்று நாற்பது. இரண்டு மணி ஷிஃப்ட்டுக்கு ஆட்கள் கேட்டுக்கு வந்துகொண்டிருப்பார்கள், மணி அடிப்பார்கள், வாங்கிக்கொள்ளச் சர்வர் இல்லை. சின்னப் பெட்டியைத் திறந்து சிம்மை நகத்தால் நெம்பி எடுத்து என் போனில் போடுகிறேன், இரண்டு தடவை கீழே விழுந்தது. நீளத் தாள் ஒன்றை எடுத்துத் தேதி எழுதுகிறேன், மத்தியான ஷிஃப்ட் என்று எழுதிக் கோடு போடுகிறேன், பிறகு படியின் தலைப்பில் நின்று கீழே குரல் கொடுக்கிறேன், செங்கதிரு, கார்பன் பேப்பர் இருக்குமா. ஜெராக்ஸ் கடைக்காரன்கிட்ட வந்து கார்பன் கேக்கறாரு பாரு என்று அவன் யாரிடமோ சொல்வது கேட்டது. பிறகு படியில் செருப்புச் சத்தம், பாதி வரை வந்து நின்றது, ஏழாவது படியில் இரண்டு தாள் வைத்துவிட்டுத் திரும்பிப் போனது. இறங்கி எடுத்து வந்தேன். நீலம். விரலில் ஒட்டுகிற அந்தப் பழைய எண்ணெய் வாடை. ஒரு தாள், கார்பன், இன்னொரு தாள், மூன்றையும் ஓரம் தட்டி நேராக்குகிறேன், கை மறக்கவில்லை. போன் ஒரு மணி அடித்து நிற்கிறது. முதல் எண். நேரம் ஒன்று நாற்பத்தாறு. அடியில் விழ வேண்டும் என்று அழுத்தி எழுதுகிறேன். அடுத்த மணி. எழுதுகிறேன். கை நடுங்குகிறது, நடுக்கமும் கீழேயிருக்கிற தாளில் விழுகிறது.